சம்பா வயலில் ஒன்றுபோல் நிற்கும் கோரைகள்: எது எது, எப்படிப் பிரிப்பது?

கடைமடை:

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே களிமண் வயல். புழுதியில் நேரடி விதைப்பு, முளைத்து 35 நாள் ஆகிறது. மழைத் தண்ணீர் நிற்பதும் வடிவதுமாகக் கிடக்கிறது. வயலுக்குள் கோரை மூன்று விதமாகத் தெரிகிறது. அது மூன்றா, இரண்டா என்பதிலேயே சந்தேகம்.

ஒன்று வெளிர்பச்சை, தண்டு மெத்தென்று இருக்கிறது, உச்சியில் உருண்டை உருண்டையாகப் பூ. இரண்டாவது கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் கொத்து விரிந்து மஞ்சள் கலந்த பழுப்பில் நிற்கிறது. மூன்றாவதுக்கு அடிப்பகுதி தட்டை, இலையெல்லாம் விசிறிபோல் ஒரே வாக்கில் விரிந்திருக்கிறது. இது போக வரப்போரம் கரும்பச்சையில் ஒன்று. ஊரில் எல்லாரும் கிழங்குக் கோரை என்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கே இல்லை.

பெயர் கேட்டால் ஒருவர் வட்டக்கோரை என்கிறார், அடுத்த தெருவில் அதையே ஊசிக்கோரை என்கிறார்கள். மருந்துக் கடையில் "கோரைதானே" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். பூக்கும் முன்பே இவற்றைப் பிரிக்க முடியுமா? பூத்த பிறகு எதைப் பார்த்து முடிவு செய்வது? பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. வாய்க்காலில் ஆளுயரம் நிற்பது பாய்க்கோரையா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பத்துலென்ஸ்:

ஊர்ப்பெயரை முதலில் ஒதுக்கி வையுங்கள். வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் ஊருக்கு ஊர் இடம் மாறும் பெயர்கள். அதை வைத்துப் பேசினால் பத்துப் பேர் பத்துச் செடியைப் பேசுவோம். இங்கே அறிவியல் பெயரிலேயே போகலாம், கொஞ்சம் வாயில் நுழையாவிட்டாலும்.

உயரம், இலை நிறம் இரண்டையும் நம்ப வேண்டாம். யூரியா விழுந்த இடத்தில் எல்லாக் கோரையும் கரும்பச்சை. தண்ணீர் ஆழமான இடத்தில் எல்லாமே ஒல்லி. பார்க்க வேண்டியவை வேறு: தண்டின் குறுக்குவெட்டு, சிறுகதிர் (பூங்கொத்தில் உள்ள குட்டிக் கதிர்) காம்பில் உட்கார்ந்திருக்கும் விதம், சிறுகதிரில் செதில் (பூவை மூடும் சிறு தோல்) அடுக்கு, கடைசியாக மணி, அதாவது விதை. இந்த வரிசையிலேயே போங்கள். மணியில் ஆரம்பித்தால் கண் வலிக்கும், பலன் குறைவு.

நீங்கள் சொன்ன மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். அடி தட்டை, இலைகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு விசிறிபோல் என்றால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் மிலியேசியா. (இந்தப் பெயர் இப்போது லிட்டோராலிஸ், குயின்குவாங்குலாரிஸ் என்று இரண்டாகச் சிதறிக் கிடக்கிறது, பழைய பட்டியல்களில் மிலியேசியா என்றே பார்ப்பீர்கள்.) பூத்தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டுங்கள். சைப்பிரஸ் என்ற கோரைப் பேரினம் என்றால் மூன்று விளிம்பு தட்டும். இதில் நான்கு, சிலசமயம் ஐந்து விளிம்பு. கொத்துக்குக் கொஞ்சம் கீழே உருட்ட வேண்டும். அடியில் உருட்டினால் தட்டையாக இருந்து ஏமாற்றும்.

அதன் பூ: மயிர்போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக, 2 முதல் 4 மி.மீ. அளவில் செம்பழுப்பு உருண்டை. குண்டூசித் தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உருண்டையை லென்ஸில் பாருங்கள். செதில்கள் அன்னாசிப் பழத்துக் கண்போல் சுற்றிச் சுற்றி ஏறும். சைப்பிரஸில் அப்படி இருக்காது. செதில்கள் இரண்டே வரிசையில், சடை பின்னியதுபோல் எதிரெதிராக அடுக்கியிருக்கும், அதனால் சிறுகதிரே தட்டையாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிவிட்டால் வயலில் பாதி வேலை முடிந்தது.

இனி முதல் இரண்டும். இரண்டும் சைப்பிரஸ், இரண்டும் ஒருபருவச் செடி, இரண்டுக்கும் சல்லி வேர், கிழங்கு கிடையாது.

உருண்டையாக இருப்பது சைப்பிரஸ் டிஃபார்மிஸ். அந்த "உருண்டை" ஒரு பூ இல்லை. பத்து முதல் அறுபது சிறுகதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் எல்லாத் திசையிலும் நெருக்கமாகக் கிளம்பி, 8 முதல் 15 மி.மீ. குறுக்களவில் பந்தாகத் திரண்டது. சில பந்து காம்பில்லாமல் நடுவில் ஒட்டியிருக்கும், சில காம்போடு தள்ளி நிற்கும். ஒவ்வொரு செதிலும் 0.6 முதல் 0.8 மி.மீ. தான், நடுவில் பச்சை, பக்கங்களில் ஊதா கலந்த பழுப்பு, ஓரம் வெளிறி இருக்கும். மணியும் ஏறக்குறைய செதிலின் அளவே, வெளிர் மஞ்சள் பழுப்பு.

விரிந்த கொத்து சைப்பிரஸ் இரியா. இதில் சிறுகதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பாது. ஒரு நீண்ட அச்சு இருக்கும், அதன் இரு பக்கமும் இடைவெளி விட்டு, சாய்வாக, சீப்புப் பல்போல் ஏறும். செதில் 1 முதல் 1.6 மி.மீ., நுனி மழுங்கி வட்டமாக, ஒன்றுக்கொன்று சற்று விலகியே நிற்கும். சிறுகதிரின் ஓரத்தைப் பார்த்தால் ரம்பப் பல்போல் தெரியும். மணி மூன்று பட்டை, 1 முதல் 1.5 மி.மீ., பழுத்தால் கருப்பை ஒட்டிய பழுப்பு, பளபளப்பு. கேழ்வரகைவிடச் சற்றுச் சிறிது. டிஃபார்மிஸ் மணி இதில் பாதி.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. இளங்கொத்தில் இரியாவின் அச்சு இன்னும் நீண்டிருக்காது, சிறுகதிர்கள் குவிந்து பந்துபோலவே இருக்கும். அந்த நேரத்தில் பார்த்துவிட்டு டிஃபார்மிஸ் என்று எழுதிவிடுவார்கள். ஒரு பந்தை நகத்தால் நடுவில் பிளந்து பாருங்கள். எல்லாம் ஒரே மையத்தில் கூடினால் டிஃபார்மிஸ். நடுவில் ஒரு குச்சி ஓடினால், அது எவ்வளவு குட்டையாக இருந்தாலும், இரியா.

கொத்துக்கு அடியில் இலைபோல் நீளும் ஓலைகளையும் எண்ணுங்கள். டிஃபார்மிஸில் பெரும்பாலும் 2 அல்லது 3. அதில் ஒன்று தண்டின் தொடர்ச்சிபோல் நிமிர்ந்து நிற்கும். இரியாவில் 3 முதல் 5 வரை, அடியில் உள்ளவை கொத்தைத் தாண்டி நீளும். இது துணைச் சான்று மட்டும். ஓலையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வண்டல்:

பத்துலென்ஸ் சொன்னது பூத்த பிறகு. கேள்வியின் முதல் பாதிக்கு நான் சொல்கிறேன்.

நாற்றுப் பருவத்தில் நெல், புல், கோரை மூன்றையும் பிரிக்க இலையுறையைப் பாருங்கள். நெல்லுக்கு இலை உறையோடு சேரும் இடத்தில் வெள்ளைச் சவ்வு நாக்கும், மயிர் வைத்த காதும் இருக்கும். "நாக்கு இல்லை, அப்படியானால் கோரை" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு: வயலில் வரும் காட்டுக் குதிரைவாலிக்கும் நாக்கும் இல்லை, காதும் இல்லை. அதனால் உறையை நகத்தால் திறந்து பாருங்கள். புல்லின் உறை ஒரு பக்கம் பிளந்து, சட்டை முன்புறம்போல் திறக்கும். கோரை உறை குழாய்போல் மூடியது, கிழித்தால்தான் திறக்கும். மேலேயிருந்து பார்த்தால் புல்லுக்கு இலை இரண்டு திசையில், கோரைக்கு மூன்று திசையில். ஃபிம்பிரிஸ்டைலிஸ் மட்டும் விசிறியாக இரண்டு திசையில் நிற்பதால் சின்னதில் புல் என்று விட்டுவிடுவார்கள். அதையும் உறை காட்டிக்கொடுக்கும்.

இப்போது நேர்மையாக ஒன்று: இரண்டு மூன்று இலைப் பருவத்தில் டிஃபார்மிஸையும் இரியாவையும் கையில் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. வேர் சிவப்பு என்று ஒருவர் சொல்வார், மஞ்சள் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுக்கும் இரண்டு நிறச் சாயலும் வரும், களிமண் கறை வேறு. தேவையென்றால் நான்கைந்து நாற்றை வேர் மண்ணோடு பெயர்த்து, உடைந்த வாளியில் சேறு போட்டு நட்டு, இரண்டு விரல் தண்ணீர் கட்டி வெயிலில் வையுங்கள். டிஃபார்மிஸ் அவசரக்காரச் செடி. முளைத்து ஒரு மாதத்தை ஒட்டிப் பூத்துவிடும். வாளிச் செடியை வைத்து வயல் செடியை அறிவதுதான் நம்பகமான வழி. இந்த வருடம் பெயர் தெரிந்தால் அடுத்த சம்பாவுக்கு உதவும்.

மருந்து விஷயத்தில் சின்ன வயதில் இந்த இரண்டையும் பிரிக்காததால் பெரிய நஷ்டமில்லை. பிஸ்பைரிபாக் சோடியம் 10 எஸ்.சி. ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, தண்ணீரை வடித்து இலை நனைய அடித்து, இரண்டு நாளுக்குள் தண்ணீர் கட்ட வேண்டும் என்பதே கணக்கு. உங்கள் வயல் 35 நாளில் பூத்து நிற்கிறது. இப்போது அடித்தால் கருகுவதுபோல் தெரியும், மணி விழுந்துகொண்டே இருக்கும். டிஃபார்மிஸ் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் மணி கொட்டும். ஆள் விட்டுப் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். வரப்பில் போட்டால் அடுத்த மழைக்கு மணி உள்ளேயே வந்துவிடும்.

பெரிய நஷ்டம் கிழங்குக் கோரையில்தான். வரப்போரம் கரும்பச்சையில் நிற்பது சைப்பிரஸ் ரொட்டண்டஸாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. பிடுங்கினால் கிழங்கு வராது. பிடுங்கும் முறைதான் காரணம். செடியின் அடியில், மண்ணுக்குள் ஒரு விரற்கடை கீழே, வெங்காயத் தாள் அடிபோல் ஒரு சின்னப் புடைப்பு. அதிலிருந்து கம்பிபோல் மெல்லிய நிலத்தண்டு ஓடி, அதன் வழியில் கிழங்கு, மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். காய்ந்த களிமண்ணில் இழுத்தால் புடைப்போடு அறுந்து வந்துவிடும், கிழங்கு உள்ளேயே. அறுந்த அடியை விரலால் தடவிப் பாருங்கள்: கம்பி ஒடிந்த முனைபோல் ஒன்று குத்தினால் அது ரொட்டண்டஸ். சல்லி வேர்க் குஞ்சம் மட்டும் இருந்தால் வேறு கோரை. சந்தேகம் தீர மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கட்டியாகப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கரைத்து எடுங்கள். உதறினால் அறுந்துவிடும்.

கிழங்கு கருப்பை ஒட்டிய பழுப்பு, நார் படர்ந்து, கீறினால் மணம், கடித்தால் கசப்பு. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது இதுதான். இணையத்தில் படம் தேடினால் சைப்பிரஸ் எஸ்குலெண்டஸ் என்ற இதன் பங்காளி வந்து குழப்பும். அதன் கிழங்கு உருண்டை, வழவழப்பு, இனிப்பு. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒன்றே ஒன்று, சங்கிலி இல்லை. இலை நுனியும் வேறு: ரொட்டண்டஸில் இலை சட்டென்று கூராகும், எஸ்குலெண்டஸில் நீளமாக இழுத்து மெலியும். பூங்கொத்து ரொட்டண்டஸில் செம்பழுப்பு, மற்றதில் வைக்கோல் மஞ்சள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ரொட்டண்டஸ் மணியால் பரவுவது மிகக் குறைவு, கிழங்கால்தான் பரவும். சங்கிலி முழுசாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைத்து மற்றதை அடக்கி வைத்திருக்கும். கலப்பை துண்டு துண்டாக வெட்டியதும் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். தண்ணீர் கட்டினால் அடங்கும், சாகாது. தை அறுவடைக்குப் பிறகு உளுந்தில் தலை நீட்டும். டிஃபார்மிஸுக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்தால் வயல் முழுக்க விதைத்த மாதிரிதான்.

படுகை:

வாய்க்கால் கோரைக்கு நான் வருகிறேன்.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். இலை விரல் அகலத்தில் தட்டையாக, உச்சியில் பழுப்பு வெல்வெட் உருளை இருந்தால் சம்பு. யானைக்கோரை என்றும் சொல்வார்கள்; பெயரில் கோரை இருந்தாலும் குடும்பமே வேறு.

கோரைதான் என்றால் இலையைக் கவனியுங்கள். தண்டின் அடியிலிருந்து நீண்ட அகலமான இலைகள் நிறைய, மேலே பெரிய குடைபோல் கொத்து, அதில் உருளையான கதிர்கள் என்றால் சைப்பிரஸ் எக்சால்டேட்டஸ். அது பாய்க்கோரை இல்லை. அதேபோல் நின்று, மணியை எடுத்தால் மூன்று பட்டையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் சைப்பிரஸ் அலோபெக்யூராய்டிஸ். தூரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி, மணி பார்க்காமல் சொல்லவே கூடாது.

பாய்க்குப் போகும் கோரைக்கு அழகே இலை இல்லாததுதான். தண்டு நீளமாக, கணுவில்லாமல், அடியில் உறைகளும் குட்டை இலையும் மட்டும். சைப்பிரஸ் பாங்கோரை, சைப்பிரஸ் கோரிம்போசஸ் இரண்டும் இந்த வகை. கோரிம்போசஸில் உறைக்கு மேல் இலை அநேகமாக இருக்காது, பாங்கோரையில் ஒன்றிரண்டு குட்டை இலை வரும். வெட்டி வந்த தண்டை மட்டும் வைத்துக்கொண்டு இவை இரண்டையும் பிரிக்க நினைக்காதீர்கள். அடியுறையும் கொத்தும் சேர்ந்து வேண்டும். பாங்கோரை என்ற இனப்பெயர் நம் தமிழ்ச் சொல்தான். 1768ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் இங்கிருந்து செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். 1773ல் டென்மார்க்கின் ராட்பால் அந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிப் படுகையில் பயிராகவே வைப்பதும் பாய்க்கோரைதான்.

இன்னொன்று நடுவில் நுழையும்: சைப்பிரஸ் ஆர்டிகுலேட்டஸ். இதற்கும் இலை கிடையாது, உயரமும் அதேதான். தண்டு மூன்று பட்டை இல்லை, உருண்டை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக அழுத்தி உருவுங்கள். உள்ளே தடுப்புகள் இருப்பதால் விட்டு விட்டு முடிச்சு தட்டுவதுபோல் தட்டும். காய்ந்த தண்டில் அந்த வளையம் கண்ணுக்கே தெரியும். கொத்துக்கு அடியில் ஓலைகள் ஒரு விரற்கடைகூட இருக்காது.

கடைமடை:

மூவருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன். விசிறி அடி ஃபிம்பிரிஸ்டைலிஸ் சரி, நான்கு விளிம்பு தட்டியது. விரிந்த கொத்தைப் பிளந்தால் நடுவில் குச்சி, ஆகவே இரியா. வரப்போரச் செடியை மண்கட்டியோடு கரைத்ததில் மூன்று கிழங்கு சங்கிலியாக வந்தது. வாய்க்காலில் நிற்பது இலை நிறைந்த எக்சால்டேட்டஸ் மாதிரி, மணி இன்னும் பழுக்கவில்லை.

குழப்பம் உருண்டைக் கோரையில். வயலுக்குள் இருப்பதில் மையம் ஒன்றே, டிஃபார்மிஸ். ஆனால் வரப்பின் ஈரத்தில் குட்டையாக இன்னொன்று. ஒரு தண்டுக்கு ஒரே உருண்டை, வெள்ளையாக. பக்கத்திலேயே மஞ்சள் பச்சையில் வேறொன்று, அதன் மணி மூன்று பட்டையாக இல்லை, தட்டை. இவையும் டிஃபார்மிஸா?

பத்துலென்ஸ்:

இரண்டுமே இல்லை.

வெள்ளை உருண்டை கைலிங்கா. வரப்பில் வெள்ளையாக நிற்பது பெரும்பாலும் கைலிங்கா நெமோராலிஸ். பச்சை உருண்டையாக இருந்தால் கைலிங்கா பிரெவிஃபோலியா. இரண்டுக்கும் மண்ணையொட்டி ஓடும் நிலத்தண்டு உண்டு, கசக்கினால் மணம் வரும். டிஃபார்மிஸ் தூராக நிற்கும், ஓடாது. உறுதி செய்ய உருண்டையிலிருந்து ஒரு சிறுகதிரைக் கிள்ளுங்கள். கைலிங்காவில் அது முழுசாக ஒரே துண்டாகக் கழன்று வரும், உள்ளே ஒரே மணி. டிஃபார்மிஸில் செதில் செதிலாக உதிரும். கையில் இருப்பது நெமோராலிஸ்தானா என்று அறிய, செதிலின் முதுகைப் பாருங்கள். படகின் அடிபோன்ற அந்த விளிம்பில் மெல்லிய சிறகு நீட்டியிருந்தால் நெமோராலிஸ். சிறகில்லாமல் சிறு முள் மட்டும் இருந்தால் பிரெவிஃபோலியா.

தட்டை மணிக்காரர் பைக்ரியஸ் கூட்டம். சைப்பிரஸில் சூல்முடி (பூவின் பெண் பகுதியின் நுனி இழை) மூன்று, மணி மூன்று பட்டை. பைக்ரியஸில் சூல்முடி இரண்டு, மணி பக்கவாட்டில் நசுங்கியது. சூல்முடி பூத்த ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும், ஆகவே கொத்தில் மிக இளஞ்சிறுகதிரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மணியே போதும். மணி எந்த வாக்கில் தட்டை என்பதுதான் நுணுக்கம். சிறுகதிரின் நடுக்காம்புக்குத் தன் விளிம்பைக் காட்டி நின்றால் பைக்ரியஸ். அகலப் பக்கத்தைக் காட்டி நின்றால் மேலே படுகை சொன்ன அலோபெக்யூராய்டிஸ் வகை. இப்போது வகைப்பாட்டாளர்கள் கைலிங்கா, பைக்ரியஸ் எல்லாவற்றையும் சைப்பிரஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். வயலில் பிரித்துப் பார்க்கப் பழைய பெயர்கள்தான் கைகொடுக்கின்றன என்பது என் கட்சி.

பார்க்கும் முறையில் ஒரு சின்ன விஷயம். மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள், வியர்வையில் ஒட்டி உருளாது. வெள்ளைத் தாளில் கொட்டி, ஊசி முனையை எச்சிலில் நனைத்துத் தொட்டெடுத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஊசியை அருகில் கொண்டுவாருங்கள். லென்ஸை மணிக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணைத் தள்ளி வைத்தால் ஒன்றும் தெரியாது.

வண்டல்:

எக்சால்டேட்டஸ் மணி பழுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பழுக்காத மணி எல்லாக் கோரையிலும் நசுங்கித்தான் இருக்கும்; அதை வைத்து "தட்டை" என்று எழுதிவிடாதீர்கள். இந்த பைக்ரியஸ் மணியையும் பழுப்பு ஏறியதுதானா என்று ஒருமுறை பாருங்கள்.

யாரிடமாவது காட்டி உறுதி செய்வதாக இருந்தால் கொத்தை மட்டும் கிள்ளி அனுப்ப வேண்டாம். அடி, வேர், பூ, பழுத்த மணி நான்கும் ஒரே செடியில் இருக்க வேண்டும். வேரை நன்றாகக் கழுவி, உயரமான தண்டை வெட்டாமல் இரண்டாகவோ மூன்றாகவோ மடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனம் ஏற்றி, முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள். இந்த ஈரத்தில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சணம் பிடிக்கும். உதிர்ந்த மணியைச் சின்னக் காகித உறையில் போட்டு அதோடு ஒட்டிவிடுங்கள். சீட்டில் ஊர், தேதி, தண்ணீர் ஆழம், வயலா வரப்பா வாய்க்காலா, பூவின் பசுமையான நிறம் எழுதுங்கள்; காய்ந்தால் எல்லாம் ஒரே பழுப்புதான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள இராபினாட் உலர்தாவரத் தொகுப்பில் நம் பகுதிக் கோரைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைமடை:

அந்தத் தட்டை மணி இன்னும் பச்சைதான். நான்கு செடியை வாளிச் சேற்றில் நட்டுவிட்டேன். பழுத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.